தோள் இறுகினால் கால்கள் வேலை செய்யட்டும்

ரவிக்கையின் பின்கொக்கியை மாட்ட முடியவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் உயிர் போகிறது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், தோள் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். ‘கை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று மாலை நடை உட்பட எல்லாமே நின்றுபோகும். இல்லாவிட்டால், ‘அசைக்காமல் விட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சுழற்றத் தொடங்குவார்கள். முதலாவது உடம்பைக் கெடுக்கும், இரண்டாவது கையைக் கெடுக்கும்.

வலிக்கும் கைக்கு வேண்டியது வேறு, மொத்த உடம்புக்கு வேண்டியது வேறு. கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல முறை, மென்மையான அசைவு போதும். உடம்புக்கு வேர்க்கிற அளவுக்கு உழைப்பு வேண்டும். அதைக் கால்களே கொடுத்துவிடும். வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம், எந்தக் கருவியை வாங்கலாம் என்று யோசிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தோளுக்குள் என்ன நடக்கிறது?

கை தூக்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் பல. தசைநார் கிழிசல், கழுத்து நரம்பு அழுத்தம், மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் என்று பட்டியல் நீளும். நடுத்தர வயதில் அடிக்கடி பார்ப்பது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ எனப்படும் தோள் இறுக்கம். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் வைத்த பெயர் அது. தோள் மூட்டை ஒரு மெல்லிய உறை சுற்றியிருக்கிறது. அழற்சியால் அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. சலவையில் சுருங்கிய சட்டைக்குள் கையை விட்டது போல, எந்தப் பக்கமும் தாராளமாக நகர்த்த முடியாது.

வலி மிகுந்த முதல் கட்டம், வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் இரண்டாவது கட்டம், மெதுவாகத் தளரும் மூன்றாவது கட்டம் என்று இது போகும். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம்; சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சமும் இருக்கும். ‘பத்தே நாளில் சரி செய்கிறோம்’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு ஞாபகத்தில் இருப்பது நல்லது.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் அதிகம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே தோள் இறுகியவர் இதுவரை சர்க்கரை பார்த்ததே இல்லை என்றால், முதல் வேலையாக அதைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டிலேயே ஓர் அறிகுறியைப் பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மடக்கி, முன்கையைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல கை தாராளமாகப் போகும், இறுகிய கை சட்டென்று நின்றுவிடும். வேறொருவர் பிடித்து மெல்லத் திருப்பினாலும் அங்கேயே நின்றால், உறை சுருங்கியிருக்கலாம். நீங்கள் தூக்கினால் வராத கை, மற்றவர் தூக்கினால் வருகிறது என்றால் கோளாறு தசைநாரில் இருக்கலாம். உறுதி செய்ய வேண்டியது மருத்துவர்தான்.

எவ்வளவு வலிக்கலாம்?

நெதர்லாந்தில் தோள் இறுக்கம் வந்த 77 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு, வலி பொறுக்கும் எல்லைக்குள் மட்டும் கையை அசைக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வலியைத் தாண்டியும் இழுத்து நீட்டும் தீவிரப் பயிற்சி. இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் பிரிவில் 89 சதவீதம் பேரின் தோள் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பியிருந்தது. தீவிரமாகச் செய்தவர்களில் அது 63 சதவீதம்தான். சிறிய ஆய்வு, இதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ‘வலிக்க வலிக்கச் செய்தால்தான் சரியாகும்’ என்ற நம் ஊர் நம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு. எண்ணெய் போட்டு வெடுக்கென்று இழுத்துச் சுளுக்கு எடுப்பவரிடம் இந்தத் தோளைக் காட்டவே கூடாது.

நடைமுறையில் ஓர் அளவுகோல் உண்டு. பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லக்கூடிய வலி பரவாயில்லை. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடியே இருந்தால், அல்லது அன்று இரவு தூக்கம் கெட்டால், அளவு மீறிவிட்டது. மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் பத்து நிமிடம் வெந்நீர்ப் பை ஒத்தடம். பிறகு ஊசலாட்டம். நல்ல கையைச் சாப்பாட்டு மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிடுங்கள். கையை ஆட்டக் கூடாது. கால்களை மாற்றி மாற்றி ஊன்றி உடம்பை அசைத்தால் கை தானாக ஆடும். வட்டம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போதும். தலைசுற்றல், முதுகுவலி உள்ளவர்கள் குனிய வேண்டாம். மேசை மேல் ஒரு துண்டை விரித்து அதில் கையை வைத்து, உட்கார்ந்தபடியே முன்னால் தள்ளித் தள்ளி இழுக்கலாம்.

அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை மெல்ல மேலே நடக்கவிடுங்கள். தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போவது தோளைத் தூக்கி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் அளப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு குடையைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்பக்கம் தள்ளுவது மூன்றாவது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் துண்டை இழுக்கும் பயிற்சியைப் பலரும் முதலில் செய்துவிடுகிறார்கள். வலி அதிகமாக இருக்கும் கட்டத்தில் அது வேண்டாம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். ஒரே மூச்சாக அரை மணி நேரம் செய்வதைவிட காலை, மதியம், இரவு என்று பிரித்துச் செய்வது மேல்.

மீதி உழைப்பு கால்களுக்கு

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், வாரம் இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதிக்குக் கை தேவையே இல்லை. சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறும் சர்க்கரையும் குறையும். கை வீசினால் வலிக்கும் என்றால் கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது தொடைக்கு அருமையான பயிற்சி. முழங்கால் வலி இருந்தால் இருக்கையில் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சமையல் மேடையை லேசாகத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி இறக்குவதைக் குக்கர் விசில் வருவதற்குள் செய்துவிடலாம்.

சூரிய நமஸ்காரம் செய்து பழகியவர்கள் கொஞ்ச காலம் அதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். அதில் உடல் எடை மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும் நிலைகள் பல. நாற்காலி யோகா இந்த நேரத்துக்குப் பொருத்தம்.

கருவி வாங்குவதென்றால் ஒரே கேள்வி: அது கையிடம் என்ன கேட்கிறது? முன்னும் பின்னும் ஆடும் கைப்பிடி வைத்த சைக்கிளும் எலிப்டிகலும் காலால் மிதிக்க மிதிக்கக் கையையும் இழுக்கும். சாதாரண சைக்கிளில் முன்னால் சாயும்போது எடை கைக்கு வரும். முதுகு சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளில் கைக்கு வேலையே இல்லை; முழங்காலுக்கும் இதம். விலையும் இடமும் ஒத்துவராவிட்டால், நாற்காலிக்கு முன்னால் வைத்து மிதிக்கும் சிறிய பெடல் கருவி போதும். ட்ரெட்மில்லில் தடுமாறினால் உடனே பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் இப்போதைக்கு அது வேண்டாம். (பாதி வீடுகளில் அது துணி காயப்போடும் கம்பியாக ஓய்வு பெற்றிருப்பது தனிக் கதை.) விரல் மூட்டுகளும் வலிப்பவர்கள் டம்பெல்லை இறுக்கிப் பிடிப்பதைவிட, கணுக்காலில் கட்டும் எடைப் பையை வாங்கிக் காலுக்குப் பயன்படுத்தலாம்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்கு நேர்மாறாகச் சர்க்கரை ஏறும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்கு அவசரம் இல்லை. பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வில், ஊசியோடு கூடிய பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்துத் தளர்த்துவது, நுண்துளை அறுவை சிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் ஓராண்டு முடிவில் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானதாக இல்லை.

கீழே விழுந்தபின் கை தூக்க முடியாமல் போனால், மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால், கை மரத்துப் பலம் குறைந்தால் வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வியர்வையோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மற்றபடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடமாட முடியாத முதியவர்களுக்கு, தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும்போது பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்வதோடு நிறுத்தாமல், நீங்கள் செய்வதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். தோள் காதை நோக்கி ஏறுவது செய்பவர் கண்ணுக்குத் தெரியாது.