பட்டறையில் பழகும் பிள்ளைக்கு ஒரு தாள் வேண்டும்

"பையன் என்ன செய்யுதான்?"

"பட்டறையில வேலை பழகுதான்."

திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை ஆற்றங்கரை ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. லேத், வெல்டிங், டிராக்டர் மெக்கானிக் என்று பழகுகிற பிள்ளைகள் ஏராளம். சட்டமும் இதே சொல்லிலிருந்துதான் 'தொழிற்பழகுநர்' என்று பெயர் வைத்திருக்கிறது. பட்டறையில் பழகும் பிள்ளைக்கும் சட்டம் சொல்லும் பழகுநருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஒப்பந்தத் தாள்.

பயிற்சி என்ற சொல்லை மட்டும் நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் பெண்பிள்ளைகள் அனுபவித்திருக்கிறார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லித் தரகர்கள் திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 3 ஆண்டு இருந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். ஏட்டில் 'பயிற்சியாளர்', ஆலையில் முழு ஷிப்ட் வேலை. உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை.

உங்கள் உரிமைகள்

1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் பழகுநராக வைக்க முடியாது. 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். மாத உதவித்தொகை கட்டாயம். 2019 விதித்திருத்தம் அதைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வைத்தது. 'பீஸ் ரேட்' கணக்கில் கொடுக்கக் கூடாது. அரசு நியமிக்கும் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. ஆனால் பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டிய கட்டாயம் அவருக்குக் கிடையாது. ஆகவே வெளியே வரும்போது சான்றிதழ்தான் துணை.

ஒப்பந்தமே இல்லையா? அப்படியானால் பிள்ளை செய்வது வேலை. அதற்கு உரிய கூலியைக் கேளுங்கள். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதும், 18-க்குக் கீழ் ஆபத்தான தொழிலில் இறக்குவதும் குற்றம்.

எங்கே ஏமாறுகிறோம்?

தனியார் ஐடிஐ-க்கு அங்கீகாரம் ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. எலக்ட்ரீசியனுக்கு இருப்பதை வைத்து மற்ற பிரிவையும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். வயலில் மருந்து தெளிக்கும் டிரோன் பயிற்சியும் இப்போது விளம்பரமாகிறது. 2021 டிரோன் விதிகளின்படி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயின்றவருக்கே ஓட்டுநர் சான்று கிடைக்கும். வேறு எங்கே படித்தாலும் பிசான நெல் பருவத்தில் ஒரு வயலில்கூடச் சட்டப்படி மருந்து டிரோனைப் பறக்கவிட முடியாது. மதிப்பெண் சான்றிதழின் அசலை 'நாங்களே வைத்துக்கொள்கிறோம்' என்று கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பேட்டை, அம்பாசமுத்திரம் அரசு ஐடிஐ-களில் விசாரியுங்கள். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு 8-ஆம் வகுப்பே போதும்.

தீர்வு எங்கே?

ஒப்பந்தத் தகராறு என்றால் பழகுநர் ஆலோசகரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர் முடிவின் மேல் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. வழி தெரியாவிட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தைக் கேளுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுவும் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098. ரசீது, வருகைப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

நாலு பேர்கூட இல்லாததால் சட்டப்படி பழகுநரை வைக்க முடியாத சின்னப் பட்டறையில் பழகுகிறவர்களும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. தொழில் அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத வழி இருக்கிறது. அதற்கு, எந்தத் தேதியிலிருந்து என்ன வேலை பார்க்கிறான் என்று பட்டறைக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். 'அண்ணாச்சி, இதை மட்டும் எழுதிக் கொடுங்க' என்று இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.