"அண்ணாச்சி, இதில் வேர்க்கடலை கலந்திருக்கா?"
மளிகைக் கடைக்காரர்கள் அறிய வேண்டிய உணவு ஒவ்வாமை



விலை, எடை, தரம் என்ற மூன்றைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் காலம் காலமாக நம்மிடம் கேட்டு வந்தார்கள். இப்போது நான்காவதாக ஒரு கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. "இந்த மிக்சரில் வேர்க்கடலை இருக்கா? இந்த பிஸ்கட்டில் பால் சேர்ந்திருக்கா?" காரணம் கேட்டால், "பையனுக்கு ஒத்துக்காதுண்ணே" என்பார்கள். நாமும் கல்லாவில் இருந்தபடியே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை நம்பித்தான் அந்தத் தாய் அடுப்பு மூட்டுகிறாள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்-வடகால் பகுதிகளில் கடை வைத்திருப்போருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. வேலைக்காக வெளி மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும், கொரியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. ஷிப்ட் வேலைக்குப் பெற்றோர் போய்விட, பத்து ரூபாய் நோட்டுடன் நம் கடைக்குத் தனியாக வரும் பிள்ளைகளும் உண்டு.

ஒவ்வாமை என்றால் என்ன?

பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு. அது செரிமானக் கோளாறு. ஒவ்வாமை என்பது, உணவில் உள்ள புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாக எண்ணித் தாக்குவது. உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல் வரலாம். கடுமையானால் மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். சிலருக்கு இதற்கு ஒரு சிட்டிகை போதும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் வேர்க்கடலையின் தீங்கு போகாது. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று உறவினர் சொல்வதைக் கேட்டு வீட்டில் சோதிப்பது பேராபத்து.

நமது நாட்டில் இது மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆனால் குறைவு என்பதாலேயே கடைக்காரருக்கும் பள்ளிக்கும் இதன் தீவிரம் தெரியாமல் போகிறது.

தெரியாமல் கலப்பது எப்படி?

வேர்க்கடலைச் சாக்கில் இறங்கிய கரண்டியே பொட்டுக்கடலைச் சாக்கிலும் இறங்குகிறது. கடலை மிட்டாய் இருந்த பாட்டிலைத் துடைத்து எள்ளுருண்டை போடுகிறோம். மாவு மில்லில் ஒருவர் முந்திரி, வேர்க்கடலை சேர்த்துச் சத்துமாவு அரைத்துப் போன பின், அடுத்தவர் கேழ்வரகு போடுகிறார்; முதலில் விழும் மாவில் முன்னவருடைய மிச்சமும் விழுகிறது. ஒரே செக்கில் கடலையும் எள்ளும் மாறி மாறி ஆட்டப்படுகின்றன. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் தங்கிவிடும். எனவே கடலை ஒவ்வாத வீட்டுக்குச் செக்கு எண்ணெயை "சுத்தமானது" என்று சிபாரிசு செய்வது தவறாகும்.

பெருங்காயத்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளில் பிசினுடன் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாத குழந்தைக்குச் சாம்பாரே பகையாவது இப்படித்தான்.

வெளிநாடு தந்த பாடம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 2014 ஜனவரியில் பால் வில்சன் என்ற 38 வயதுக்காரர், தமக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதால் பருப்பு சேர்க்கக் கூடாது என்று சொல்லி, ஓர் இந்திய உணவகத்தில் சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார், உண்டு இறந்தார். உணவக உரிமையாளர் செலவைக் குறைக்க, பாதாம் தூளுக்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த மலிவான தூளை வாங்கியிருந்தார். 2016 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அமெரிக்காவில் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும், சீரகத்தூளில் வேர்க்கடலைப் புரதம் இருப்பது தெரிந்து, அதைச் சேர்த்துத் தயாரித்த ஏராளமான உணவுப் பொருட்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மூலச் சரக்கில் நேர்ந்த ஒரு கலப்பு எத்தனை கைகள் மாறி எங்கே போய் நிற்கிறது என்பதை மொத்த வியாபாரிகள் இதிலிருந்து உணரலாம்.

சட்டம் சொல்வது

2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளின்படி, பாக்கெட் உணவில் கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்றும் முந்திரி-பாதாம் வகை, சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் ஆகியவை இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும். "கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கையையும் அச்சிடுவதுண்டு. அதைச் சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள்.

எள்ளும் கடுகும் இந்தப் பட்டியலில் இல்லை. எனவே தனி எச்சரிக்கை இல்லை என்பதால் எள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். 2016-இல் நடாஷா என்ற 15 வயது லண்டன் சிறுமி, ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளால் இறந்தாள். லேபிளில் எள் குறிக்கப்படவில்லை. அவள் பெயரால் வழங்கும் சட்டம் 2021 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே முன்கூட்டிப் பொதிந்து விற்கும் உணவுக்கும் சேர்மானம் முழுவதையும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வேர்க்கடலை, முந்திரி, எள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கரண்டி வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

2. பெரிய பையைப் பிரித்துச் சில்லறையாக விற்றாலும், சேர்மானம் அச்சிட்ட அட்டையை வெட்டிப் பாட்டிலிலேயே ஒட்டி வையுங்கள்.

3. மிக்சர், பொடி வகை போடுபவர் சேர்மானத்தை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

4. தெரியாவிட்டால் "தெரியாதும்மா, லேபிள் உள்ள பாக்கெட்டா வாங்கிக்கோங்க" என்று சொல்லுங்கள். கடைப் பையன்களுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.

5. கேட்ட பிராண்ட் இல்லையென்றால், சொல்லாமல் வேறு பிராண்டைப் பையில் போடாதீர்கள்.

6. ஒவ்வாமை உள்ள பிள்ளையை அடையாளம் தெரிந்தால், அதன் கையில் எதைக் கொடுக்கலாம் என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

வீட்டுச் சமையலுக்கு ஒரு வார்த்தை

கேட்டு வரும் தாய்க்கு நாம் சொல்லக்கூடியவையும் உண்டு. நமது இட்லி, தோசை, இடியாப்பத்துக்குப் பாலோ முட்டையோ கோதுமையோ தேவையில்லை. கடலைச் சட்டினிக்குப் பதில் தேங்காய்ச் சட்டினி அரைக்கலாம். பொட்டுக்கடலை ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பின்பே அதைச் சேர்க்க வேண்டும். பால் ஒவ்வாத பிள்ளைக்கு நெய், வெண்ணெய், பன்னீர், பால்கோவாவும் ஆகாது. குழந்தையின் உணவை முதலில் சமைத்து எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சமைப்பது நல்லது. பலகாரம் பொரித்த எண்ணெயில் மீண்டும் அப்பளம் பொரித்துக் கொடுக்கக் கூடாது. பள்ளியில் காலை உணவும், முட்டையுடன் மதிய உணவும் உண்பதால், அங்குள்ள பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அதற்காக எல்லாக் குழந்தைகளுக்கும் கடலையை நிறுத்த வேண்டியதில்லை. ஆபத்து அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், சிறு வயதிலேயே வேர்க்கடலை உணவு உண்டவர்களிடம் ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால் மசித்தே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், கரப்பான் போன்ற கடும் தோல் நோய் உள்ள குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கலாகாது.

கடை வாசலிலேயே நேர்ந்தால்

தின்ற குழந்தைக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கினால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். உயிர் காப்பது அட்ரீனலின் ஊசிதான். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. பெற்றோரிடம் ஊசி இருந்தால், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடச் சொல்லுங்கள். தின்ற பாக்கெட்டை எறியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

எடையில் ஒரு கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ளக்கூடும். ஆகாத பொருள் ஒரு கிராம் கூடினால் அந்தக் குழந்தை தாங்காது. அடுத்த முறை ஒரு தாய் கேட்கும்போது, பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.