துப்பாக்கியா... மிளகாயா?

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. 2012 டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, பெண்களுக்காகவே வந்த துப்பாக்கி. எடை 500 கிராம்தான், ஹேண்ட்பேக்ல அடங்கிடும். அறிமுகமானப்போ விலை? சுமார் 1.22 லட்சம் ரூபாய்!

காசு இருந்தா வாங்கிடலாமா? ம்ஹூம்! 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும். செகண்ட் இயர் பார்ட்டிகளுக்கு நோ சான்ஸ். அப்படியே கிடைச்சாலும், கூட்டத்துல குறி தப்பினா பக்கத்துல நிக்கிறவர் உயிர் போகும். எதிராளி பிடுங்கிட்டா, நம்ம பக்கமே திரும்பும்.

பெப்பர் ஸ்பிரேக்கு லைசென்ஸ் வேணாம். பேருதான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்து. முகத்தில் பட்டால் கண் தானா மூடிக்கும், இருமல் பின்னும். கொஞ்ச நேரத்துல சரியாகிடும். ஆனா, ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆபத்து. அதனால விளையாட்டுக்கு அடிக்காதீங்க. எதிர்காற்றுல அடிச்சா நம்ம கண்ணுக்கே ஆப்பு! பைக்குள்ள புதைச்சு வைக்காம கைக்கு எட்டுற மாதிரி வைங்க. காலாவதித் தேதியையும் பாருங்க.

தற்காப்பு உரிமையைச் சட்டமே தருது. தேவைக்கு மேல தாக்கத்தான் அனுமதி இல்லை. ஸோ, அடிச்சதும் ஓடுங்க, கத்துங்க, 112-க்கு போன் போடுங்க. அவனைத் தண்டிக்கிறது நம்ம வேலை இல்லை. பத்திரமா வீடு போய்ச் சேருறதுதான் வெற்றி!