இயங்கு வீட்டின் எஃகுக் கால்கள்

வீடு நிற்பது, வண்டி ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உடைய ஊர்தியிலேயே குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று தங்கும் வழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிதும் பரவியுள்ளது. இதனை இயங்கு வீடு எனலாம். தங்குமிடம் மேடு பள்ளமாயிருப்பின் உறங்குவோர் ஒருபுறம் உருளுவர்; கதவு தானே திறந்துகொள்ளும். ஆதலால் வண்டியின் அடிப்புறத்தில் எஃகுக் கால்களைப் பொருத்துகின்றனர். பெரிய வண்டிகள் பலவற்றில் இக்கால்கள் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகின்றன. உருளை ஒன்றனுள்ளிருந்து பளபளப்பான தண்டு கீழே நீளும். அதன் நுனியிலுள்ள தட்டு நிலத்தில் ஊன்றும். புறப்படும்போது தண்டு மீண்டும் உருளைக்குள் ஏறிவிடும்.

ஏறாவிடின் வண்டி நகர இயலாது. அதனினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு. தண்டில் துருவேறிக் குழி விழுந்துவிட்டால், அது மேலும் கீழும் செல்லுந்தோறும் உருளையின் வாயிலுள்ள ரப்பர் வளையத்தை அராவும். வளையம் கிழிந்தால் எண்ணெய் கசியும். ஊன்றிய கால் மெல்லத் தாழும். அக்காலையே நம்பி வண்டியின் கீழே புகுந்து வேலை செய்வோன் உயிருக்கு அது உலையாகும். இக்கால்களை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் செல்லலாகாது என்று செய்வோர் எச்சரிப்பதன் காரணம் இதுவே.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதில் பாயும். துருவும் விரைந்து பெருகும். வட அமெரிக்காவின் குளிர்நாட்டுப் பகுதிகளில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவர். சக்கரங்கள் வாரியடிக்கும் அவ்வுப்புநீர் வண்டியின் அடிப்புறமெங்கும் படியும். கடற்கரையில் நிற்கும் வண்டிக்கோ காற்றே உப்பைக் கொணர்ந்துவிடும்.

துரு ஒரு மின் நிகழ்ச்சி என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். உப்பு நீரில் சிறிது பினால்ப்தலீனும் பொட்டாசியம் பெரிசயனைடும் சேர்த்து, நன்கு மெருகிட்ட இரும்புத் தகட்டின் மீது ஒரு துளி விடுக. சற்று நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞரின் பெயரால் வழங்கும் சோதனை இது. விளிம்பிற்குப் பிராணவாயு தாராளமாய்க் கிடைக்கிறது. நடுவிற்குக் கிடைப்பது குறைவு. ஆயினும் கரைவது நடுவிலுள்ள இரும்பே! இதனைக் கண்டு மாணவர் வியப்பர். காலின் ஊன்று தட்டில் ஒட்டிய சேற்றுக்கடியிலும், இணைப்புகளின் இடுக்கிலும் நிகழ்வது இதுவேயாகும். வெளிப்புறம் தூய்மையாய்த் தோன்ற, மறைவிடம் அரிக்கப்பட்டிருக்கும்.

இனிக் காக்கும் வழியைக் காண்போம். காலின் எல்லாப் பகுதிக்கும் ஒரே மருந்து உதவாது. உருளையின் வெளிப்புறம், ஊன்று தட்டு, சட்டம் ஆகியவை ஒன்றோடொன்று உராய்வனவல்ல. அவற்றிற்குச் சாயம் பூசலாம், துத்தநாகப் பூச்சும் இடலாம். துத்தநாகத்தின் பண்பு வியக்கத்தக்கது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி, கப்பலின் அடியில் வேய்ந்த செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காதிருக்கத் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை அதனுடன் இணைக்கலாம் எனக் காட்டினார். எளிதில் கரையும் உலோகம் தான் கரைந்து மற்றதைக் காத்தது. (செம்பு கரையாது போகவே அதன் நஞ்சு நீங்கி, கப்பலடியில் சிப்பியும் பாசியும் மண்டியது வேறு கதை.) 1837-இல் சொரெல் என்னும் பிரெஞ்சுக்காரர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இப்பூச்சில் கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைத் தந்து அவ்விடத்து இரும்பைக் காக்கும்.

தண்டின் நிலை வேறு. அது வளையத்தோடு ஓயாது உராய்வது. மென்மையான துத்தநாகம் அங்கு நில்லாது. ஆகவே கடினமான குரோமியத்தைப் பூசுகின்றனர். பார்வைக்கு இது கண்ணாடிபோல் இருப்பினும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வெடிப்புகள் இதில் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் இறங்கி எஃகைத் தொட்டுவிட்டால் குரோமியம் தன்னைத் தராது. மாறாக, அவ்விடத்து எஃகின் அரிப்பையே விரைவுபடுத்தும். பளபளப்பைக் கண்டு துத்தநாகத்தினும் குரோமியமே சிறந்த காவல் என்று எண்ணுவோர் பலர். கீறல் விழுந்தபின் உண்மை தலைகீழாகிறது.

எனவே தண்டைக் காக்கும் வழி அதனைத் தூயதாகவும் உலர்ந்ததாகவும் வைப்பதே. உப்புச் சாலையில் ஓடியபின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதல் வேண்டும். ஆனால் வேகமாய்ப் பீறிடும் நீரை வளையத்தின் மீது செலுத்தலாகாது. பின்னர் மெல்லிய துணியால் துடைத்து, சிலிக்கோன் தைலத்தை இலேசாய்த் தெளித்து, மிகுதியை வழித்துவிட வேண்டும். கிரீஸைத் தடிப்பாய் அப்புவது நல்லெண்ணத்தால் நேரும் கேடு. அதில் ஒட்டும் மணல் தண்டோடு சேர்ந்து வளையத்துக்குள் புகும். கம்பித் தூரிகைக்கும் உப்புத்தாளுக்கும் தண்டினருகே இடமில்லை. நெடுநாள் தங்குங்கால், மூன்று திங்களுக்கு ஒருமுறையும், கடற்கரையாயின் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறையும் தைலம் தெளிக்குமாறு கையேடுகளில் அறிவுரை காணப்படுகிறது. வண்டியை வெறுமனே நிறுத்தி வைப்பதாயின் தண்டை உள்ளே ஏற்றிவிடுதல் நன்று.

மற்றப் பகுதிகளில் துரு தோன்றின், மேலே சாயத்தைப் பூசி மறைப்பதால் பயனில்லை. வெறும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, துத்தநாகப் பொடி மிகுந்த சாயத்தை முதற்பூச்சாக இட வேண்டும். அப்பொடி இரும்பைத் தொட்டால்தான் மின்வழி ஏற்பட்டுக் காவல் தொடங்கும். ஊன்று தட்டின் கீழே பலகை வைத்தால் ஈரமண் ஒட்டாது. கால்களை மேலிழுக்கும் சுருள்வில் வெளியே இருப்பின் அதனையும் மறவாது பார்க்க வேண்டும்.

தண்டில் பழுப்பு நிறக் கறை கண்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. தைலம் தோய்ந்த துணியால் துடைத்தபின், அவ்விடத்தில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுக. நகம் வழுக்கிச் சென்றால் அது மேற்கறையே. நகம் தடுக்கினால் குழி விழுந்துவிட்டது என்று பொருள். வளையம் கிழியுமுன் தண்டைத் தொழில் வல்லாரிடம் காட்டி மாற்றுதல் வேண்டும்.