ஸ்டார்ட் ஆகாத போர்டில் 340 வோல்ட்

பிளக்கைச் செருகினால் லைட் இல்லை, சத்தமும் இல்லை. கவுன்சில் குப்பை எடுக்கிற வாரத்தில் தெருவோரம் நிற்கிற டிவி, மொனிட்டர் நிறையப் பேருக்கு இதுதான் வியாதி. எபிசோடில் ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போன விஷயம், இங்க ஆறுதலாகப் பார்ப்போம்.

ஊரில ரேடியோ திருத்தின மாமாமார் உடனே "பியூஸ்தான் போயிருக்கும்" என்பார்கள். அதை முதலில் பாருங்கோ, தப்பில்லை. பியூஸ் போயிருந்தால் பெரும்பாலும் பவர் ட்ரான்சிஸ்டர் ஷார்ட். புது பியூஸ் மட்டும் போட்டால் அதுவும் பட்டென்று போகும். பியூஸ் நல்லா இருந்தும் போர்டு எழும்பவில்லை என்றால்தான் கதை சுவாரஸ்யம்.

ஸ்விட்சிங் பவர் சப்ளைக்குள் ஒரு கோழி-முட்டைப் பிரச்சினை இருக்கு. ட்ரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிற ஐசிக்குக் கரண்ட் வருவதே அதே ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான். அப்ப முதல் தள்ளு யார் கொடுப்பது? பெரிய மதிப்புள்ள ஒரு ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர். உயர் வோல்டேஜ் பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு சின்னக் கெப்பாசிட்டரை அது நிரப்பும். பழைய, பிரபலமான யூசி3842 ஐசியை எடுத்தால், வாளி 16 வோல்ட் வரை நிரம்பினதும் ஐசி ஓடத் தொடங்கும். ஓடினதும் சொட்டுத் தண்ணி போதாது, வாளி இறங்கும். 10 வோல்டுக்குக் கீழ போவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று கைகொடுக்க வேணும். இல்லையென்றால் ஐசி நின்று, மறுபடி முதலிலிருந்து.

அதனால காது கொடுத்துக் கேளுங்கோ. "டிக்... டிக்..." என்று வந்தால் ஐசி முயற்சி பண்ணுது. ஹீட்சிங்க் பக்கத்தில் இருந்து காய்ந்துபோன அந்தச் சின்னக் கெப்பாசிட்டரோ, வெளியீட்டுப் பக்க ஷார்ட்டோ காரணமாக இருக்கலாம். ஒரு சத்தமும் இல்லையா? ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் அறுந்திருக்க நல்ல வாய்ப்பு. வெளியில் கருகல் எதுவும் தெரியாது. இரண்டுமே சில்லறைக் காசுச் சாமான்.

இனிதான் முக்கியமான இடம். வேலை செய்கிற போர்டில் பிளக்கைக் கழற்றினால், பெரிய கெப்பாசிட்டரில் இருக்கிற சார்ஜை ஐசியும் லோடும் தின்று முடிக்கும். ஸ்டார்ட் ஆகாத போர்டில் அதைத் தின்ன ஆளே இல்லை. அறுந்த ரெசிஸ்டர் என்றால் இன்னும் மோசம், கசிகிற அந்த வழியும் அடைபட்டிருக்கும். 2000-இல் இங்கே தரம் 240-இலிருந்து 230 வோல்ட்டாக மாறினாலும், பல வீடுகளில் மீட்டர் இப்பவும் 240 பக்கம்தான் காட்டும். அதை டிசி ஆக்கினால் சுமார் 340. பிளக் கையில் இருந்தாலும் அது உள்ளே உட்கார்ந்திருக்கும். "செத்த போர்டுதானே" என்று தொடுகிறவருக்குத்தான் அடி.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணுகிற பழக்கம் வேண்டாம். நுனி உருகும், கெப்பாசிட்டரும் கெடும். இன்சுலேஷன் போட்ட வயரில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் பிடித்துச் சில விநாடி இறக்குங்கோ, பிறகு மீட்டரில் டிசி வோல்டேஜ் பார்த்து உறுதி செய்யுங்கோ. அதுக்குப் பிறகு ஓம் ரேஞ்ச். எழுதியிருக்கிற மதிப்பைவிடக் குறைவாகக் காட்டினால் பக்கத்துப் பாதைகள் காரணமாக இருக்கலாம். கூடுதலாகக் காட்டினால் ரெசிஸ்டர் போய்விட்டது. சின்னக் கெப்பாசிட்டரை அளந்து மினக்கெடாமல் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகையில் புதுசு போடலாம். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

இவ்வளவும் பிளக் கழற்றின நிலையில் செய்கிற வேலை. மூடியைத் திறந்துவைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது பயிற்சி உள்ளவருக்கு மட்டும். மெயின்ஸ் சாமான் திருத்துகிற சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. சிட்னியில் இருக்கிறவர்கள், திறக்கப் பயமென்றால், 1998-இலிருந்து மேரிக்வில்லில் இயங்குகிற ‘தி பவர்’ மறுபயன்பாட்டு நிலையத்தை விசாரிக்கலாம். படிக்க ஆசையென்றால் ‘சிலிக்கன் சிப்’ இதழின் ‘சர்வீஸ்மேன்ஸ் லாக்’ பகுதி. இந்த மாதிரிப் போர்டுகளோடு மல்லுக்கட்டின கதைகள் அதில் கொட்டிக் கிடக்கு.