காலடித் தாளமும் காணாமல் போகும் ‘தொம்’மும்

கோடை விழா நெருங்குகிறது. ஏற்காட்டுக்கு மலையேறப் போகிறவர்களைவிட, அங்கே பாடப் போகிறவர்களிடமிருந்துதான் இந்த முறை அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ரிசார்ட் புல்வெளியில் கிடாரும் கையுமாகத் தனியாகப் பாடுகிறவர்கள், அவர்களுக்கு சவுண்டு செட் போடுகிறவர்கள், அந்த ரிசார்ட்டுக்குப் பின்புறம் குடியிருப்பவர்கள் என்று மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைச் சுற்றியே வருகின்றன: காலால் தட்டும் ஸ்டாம்ப் பாக்ஸ்.

பாடகரின் கேள்வி: கடையில் ‘தொம்’ என்று ஒலித்த பெட்டி மேடையில் ‘டக்’ என்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா? சவுண்டுக்காரரின் கேள்வி: இது அகூஸ்டிக் நிகழ்ச்சிதானே, இதற்குமா அனுமதி? குடியிருப்பவரின் கேள்வி: மீட்டர் வைத்துப் பார்த்து அளவுக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள், அப்படியானால் என் ஜன்னல் ஏன் அதிர்கிறது?

மூன்றுக்கும் முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது. காலடித் தாளத்தின் உயிர் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஓசை. அதைப் பாடகர் ஒயரில் தொலைக்கிறார். அதிகாரி மீட்டரில் தொலைக்கிறார். தொலைக்க முடியாதவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே.

‘அகூஸ்டிக்’ என்கிற பலகை

காலால் தாளம் போடுவது நமக்குப் புதிதல்ல. கதாகாலட்சேபம் செய்யும் பாகவதர் கையில் சப்ளாக்கட்டையும் காலில் சலங்கையுமாக நின்றே ஒரு கச்சேரியின் தாளத்தைத் தாங்கியவர். ஆந்திரத்து புர்ரகதைக்காரரும் வங்கத்து பால் பாடகரும் காலில் சதங்கை கட்டியவர்களே. அமெரிக்காவில் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் 1948இல் டெட்ராய்ட்டில் ‘பூகி சில்லன்’ பாடலைப் பதிவு செய்தபோது அவர் காலடியையும் மைக் வைத்துப் பிடித்தார்கள். தட்டில் கேட்பது ஒரு குரல், ஒரு கிடார், ஒரு கால், அவ்வளவுதான். இன்று ரிசார்ட் மேடையில் தனியாளாகப் பாடுகிறவர் செய்வதும் அதுவே. டிரம்ஸ்காரருக்குக் கொடுக்கச் சம்பளமும் இல்லை, அவர் உட்கார இடமும் இல்லை.

ஆனால் சலங்கைக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சலங்கை எழுப்புவது மெல்லிய, உயர்ந்த ஓசை. அது மின்சாரம் இல்லாமலே சபையின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும், சுவரில் பட்டால் பெருமளவு நின்றுவிடும். கனத்த ஓசையைக் காற்றில் எழுப்ப அகன்ற பரப்பு அதிர வேண்டும். ஒரு அடி நீளமுள்ள மரப்பெட்டியால் அது முடியாது. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பாருங்கள், கதவைத் தட்டிய சத்தம்தான் வரும். ‘தொம்’ என்பது பெட்டிக்குள் இல்லை. பெட்டியின் அதிர்வை மின்சாரமாக்கி, பெருக்கி, பெரிய ஸ்பீக்கர் வழியாக வெளியே விடும்போதுதான் அது பிறக்கிறது. ஆகவே வாசலில் ‘அகூஸ்டிக் நைட்’ என்று பலகை வைத்திருந்தாலும், ஸ்டாம்ப் பாக்ஸ் மேடைக்கு வந்துவிட்டால் அது ஒலிபெருக்கி நிகழ்ச்சிதான். விளம்பரத்துக்கு எந்தச் சொல்லையும் போட்டுக்கொள்ளலாம், அனுமதி கேட்கும் மனுவில் அந்தச் சொல் செல்லாது.

ஒயரில் நடக்கும் திருட்டு

இந்தப் பெட்டியில் என்னை வியக்கவைத்தது அதன் மரமல்ல. உள்ளே ஒட்டியிருக்கும், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் தகடுதான். பெரும்பாலான எளிய ஸ்டாம்ப் பாக்ஸ்களில் இருப்பது பீசோ எனப்படும் இந்தத் தகடு. அதன் மேல் பீங்கான் போன்ற ஒரு பூச்சு இருக்கும். அழுத்தினால் அந்தப் பூச்சில் மின்னூட்டம் தோன்றும். சில படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880இல் காட்டினார்கள்.

தகட்டில் தோன்றும் மின்னூட்டம் மிகச் சொற்பம். அது நிலைத்து நிற்காது, ஒயரின் மறுமுனையில் மிக்ஸர் எவ்வளவு தடை கொடுக்கிறதோ அதைப் பொறுத்து வடிந்துபோகும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் வேகமாக ஊற்றினால் தண்ணீர் மட்டம் ஏறும், மெதுவாக ஊற்றினால் ஏறவே ஏறாது. பீசோவிலும் அப்படித்தான். வேகமான அதிர்வு வடிவதற்குள் பதிவாகிவிடுகிறது. மெதுவான அதிர்வு, அதாவது கனத்த ஓசை, சேர்வதற்குள் வடிந்துவிடுகிறது. மிக்ஸரின் தடை குறையக் குறைய ஓட்டை பெரிதாகிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 27 மில்லிமீட்டர் பீசோ தகட்டின் மின்தேக்குத் திறன் சுமார் 20 நானோஃபாரட். மிக்ஸரில் சாதாரண லைன் ஜாக்கின் தடை 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். இரண்டையும் இணைத்தால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் தேயத் தொடங்கும். 80 ஹெர்ட்ஸில் இருக்கும் காலடி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மைக் ஜாக்கில் செருகினால் இன்னும் மோசம், அதன் தடை ஒன்றிரண்டு கிலோ ஓம்தான். அதே பெட்டியை 1 மெகா ஓம் தடையுள்ள ஜாக்கில் செருகுங்கள். தேய்மானம் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும். அது காதே கேட்காத இடம். ‘தொம்’ முழுசாக வந்து சேரும்.

கடையில் நன்றாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான். கடையில் அதைக் கிடார் ஆம்ப்ளிஃபயரில் செருகிக் காட்டியிருப்பார்கள், அதன் தடை பொதுவாக 1 மெகா ஓம். ரிசார்ட்டில் செருகியது வாடகை மிக்ஸரின் காலியான ஏதோ ஒரு ஜாக்கில். பெட்டி அதேதான், செருகிய இடம்தான் வேறு. இதைப் பெட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். ‘அசல் கிக் டிரம் ஓசை’ என்ற வாசகத்துக்குக் கிடைக்கிற இடம் இதற்குக் கிடைப்பதில்லை.

தீர்வு எளிது. மிக்ஸரில் ‘ஹை இசட்’ அல்லது ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று எழுதிய ஜாக் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் நடுவில், பெட்டிக்கு உயர்ந்த தடையைக் காட்டும் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வையுங்கள். பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டிகளுக்கும், பீசோவுக்குப் பதிலாக மைக் வைத்த பெட்டிகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. செய்யக் கூடாத ஒன்று, வழக்கமாகச் செய்யப்படும் அதே ஒன்று: ‘டக்’ என்று கேட்டதும் பேஸ் குமிழை முழுக்கத் திருகுவது. தொலைந்த காலடி அதில் திரும்பி வராது. மேடைப் பலகையின் உறுமலும் ஒயரின் இரைச்சலும்தான் பெருகும்.

மீட்டரில் நடக்கும் மறதி

இனி ஜன்னல் அதிர்கிறவருக்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. எண்கள் தெளிவாக இருக்கின்றன, அளக்கிற முறைதான் என்னை உறுத்துகிறது. விதி சொல்லும் டெசிபல் ‘ஏ’ எடையிட்டது. மெல்லிய சத்தத்தில் மனிதக் காது கனத்த ஓசையைக் குறைவாக உணர்கிறது என்பதால், மீட்டரும் அதைக் குறைத்தே எண்ணும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழிவு, 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிவு. 63 ஹெர்ட்ஸில் உண்மையில் 80 டெசிபல் அழுத்தத்தோடு வரும் அதிர்வு, மீட்டரில் 54 என்று பதிவாகும். பகல் நேர வரம்புக்குள் ஒழுங்காக அடங்கிவிடும். போதாததற்கு, விதி கேட்பது நேரத்தின் சராசரியை. அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள அமைதியும் கணக்கில் சேர்ந்து எண்ணை இன்னும் இறக்கும்.

கண்ணாடியும் ஓட்டுக் கூரையும் பாடகரின் குரலை ஓரளவு தடுக்கும், 60 ஹெர்ட்ஸைத் தடுக்காது. பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும். ‘அளவுக்குள் இருந்தது’ என்று அதிகாரி சொல்வது பொய்யல்ல, ஆனால் அது உங்கள் படுக்கையறைக்குப் பதிலும் அல்ல. அளக்க வருகிறவரிடம் ‘சி’ எடையிலும் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மீட்டர்களில் அந்த வசதி இருக்கிறது, 63 ஹெர்ட்ஸில் அது ஒரு டெசிபல்கூடக் கழிக்காது. சட்டப்படி அந்த எண்ணுக்கு மதிப்பில்லைதான். இரண்டு எண்ணுக்கும் நடுவே 15, 20 என்று இடைவெளி விழுந்தால், எதைக் குறைக்க வேண்டும் என்று ரிசார்ட்காரருக்குக் காட்ட அது போதும்.

மற்ற கடிதங்களுக்கு

ஒலிபெருக்கிக்கு அனுமதி யாரிடம்? எழுத்துப்பூர்வமாக, மாவட்ட ஆட்சியர் அல்லது டிஎஸ்பிக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம்.

ஒயர் இல்லாமல் தட்டினால் இரவு 10 மணிக்கு மேல் தட்டலாமா? திறந்த வெளியில் கூடாது, விதியில் ஒலிபெருக்கியோடு இசைக்கருவியும் ஒலி எழுப்பும் சாதனமும் சேர்ந்தே இருக்கின்றன.

திருவிழா நாளில் 12 மணி வரை விடுவார்களாமே? கலாச்சார, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் அரசு தளர்த்தலாம். அது ரிசார்ட்டின் தனி நிகழ்ச்சிக்குக் கிடைத்த சலுகை என்று எண்ண வேண்டாம்.

பள்ளி, மருத்துவமனை அருகே 100 மீட்டர் அமைதிப் பகுதி தானாகவே வந்துவிடுமா? 2017 திருத்தத்துக்குப் பிறகு இல்லை, அரசு அறிவித்திருந்தால்தான்.

பெட்டி தானாகவே ஊளையிடுகிறதே? ஸ்பீக்கரின் அதிர்வு மேடைப் பலகை வழியே பெட்டிக்குத் திரும்புகிறது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், சப்வூஃபரை மேடையை விட்டு இறக்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினேன், கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல் வந்தது? அதையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பனியில் கெடுமா? ப்ளைவுட் ஈரம் குடித்து உப்பினால் பீசோவின் பசை விடும், இரவில் புல்வெளியில் விட்டுவைக்காதீர்கள்.

செருப்போடு தட்டலாமா? கடினமான அடிப்பாகம் ‘டக்’கைக் கூட்டும். வெறுங்காலோ மெல்லிய ரப்பர் செருப்போ நல்லது.