நீ யார் வீட்டுப் பிள்ளை?

169.254.169.254. அமேசான் கிளவுடில் வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் சர்வருக்கும் இந்த முகவரி பரிச்சயம். மும்பையில் ஓடும் சர்வரும் அயர்லாந்தில் ஓடும் சர்வரும் இதே எண்ணை அழைத்து, "நான் யார்?" என்று கேட்கலாம். ரமணர் கேட்கச் சொன்ன கேள்விதான். ஆனால் இங்கே பதில் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும், ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கும்: உன் பெயர் இது, உனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு இது, அதைச் செய்ய இதோ சில மணி நேரம் மட்டும் செல்லும் சாவி. கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுடுகளிலும் இந்தக் கேள்விக்கு இதே எண்தான்.

சாவியை வாங்கிய சர்வர் பதிலுக்குக் கடவுச்சொல் எதையும் சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. இது எப்படி முடிகிறது என்று பார்ப்பதற்கு முன், கடவுச்சொல்லோடு கணினிகள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை 1961-இல் எம்.ஐ.டி.யில் செய்துகாட்டியவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஒருவருடைய கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, துளையட்டையில் ஒரு விண்ணப்பம் போட்டுக் கடவுச்சொல் கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடவுச்சொல்லுக்கும் கடவுச்சொல் திருட்டுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

மனிதர்களாவது கடவுச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மென்பொருளுக்கு மனம் இல்லை. ஒரு கடையின் இணையதளம் தன் தரவுத்தளத்தைத் திறக்க வேண்டுமென்றால், கடவுச்சொல்லை எங்காவது ஒரு கோப்பில் எழுதித்தான் வைக்க வேண்டும். அந்தக் கோப்பு சோதனைக் கணினிக்கு நகலாகும், காப்புப் பிரதிக்குள் போகும், என்றாவது ஒருநாள் நிரல் களஞ்சியத்திலும் ஏறிவிடும். 2016-இல் ஊபர் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். பொறியாளர்கள் கிட்ஹப் என்ற நிரல் களஞ்சியத்தில் விட்டு வைத்திருந்த கிளவுட் சாவி வெளியாரின் கையில் சிக்க, 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் போயின. சரி, அடிக்கடி மாற்றினால் என்ன? மாற்றிய நொடியில் பழைய கடவுச்சொல்லை வைத்திருக்கும் எல்லா நிரல்களும் ஒன்றாகப் படுத்துவிடும். அந்தப் பயத்தில் யாரும் மாற்றுவதில்லை. வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த கடவுச்சொல், அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கும்.

நம் ஊர்ப்பக்கம் தெரு முனையில் புது முகம் ஒன்று தென்பட்டால் திண்ணையில் இருக்கும் பாட்டி ரகசியச் சொல் எதுவும் கேட்பதில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பார். வந்தவனுக்கு என்ன தெரியும் என்பது அவருக்குப் பொருட்டில்லை. அவனுக்காகப் பேசக்கூடியவர் யார் என்பதே கணக்கு. கடவுச்சொல் இல்லாத தரவுத்தளமும் இதைத்தான் கேட்கிறது.

சர்வருக்காகப் பேசக்கூடியவர் யார்? அதை உண்டாக்கியவர்தான். வாடகை சர்வர் என்பது தனி இரும்புப் பெட்டி இல்லை. ஹைப்பர்வைசர் என்ற அடித்தள மென்பொருள் ஒரு பெரிய இயந்திரத்தைக் கூறுபோட்டு உருவாக்கும் பல கணினிகளில் அது ஒன்று. எந்தக் கூறை எந்த வாடிக்கையாளருக்காக, என்ன பொறுப்புக்கு எழுப்பினோம் என்பது அந்த அடித்தளத்துக்குத் தெரியும். 169.254 என்று தொடங்கும் முகவரிகளை எந்த ரவுட்டரும் வெளியே கடத்தாது. ஆகவே அந்த எண்ணுக்கு வரும் கேள்வி எந்தக் கூறிலிருந்து வருகிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. சர்வர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அது பிறந்த இடமே சாட்சி.

கடவுச்சொல் இல்லாமல் நுழையும் இந்த முறையை அமேசான் தன் தரவுத்தளச் சேவையில் 2017-இல் கொண்டுவந்தது. சர்வர் வாங்கிய தற்காலிகச் சாவி நேராகத் தரவுத்தளத்துக்குப் போவதில்லை. அதைக் கொண்டு சர்வர் தனக்குள்ளேயே ஒரு டோக்கன் தயாரிக்கிறது, அதுவும் நெட்வொர்க்கில் ஒரு பொட்டலத்தைக்கூட வெளியே அனுப்பாமல். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தயாரிப்பில் வேலை செய்வது எச்மேக் என்ற கணித முத்திரை. ஒரு ரகசியத்தையும் ஒரு செய்தியையும் உள்ளே போட்டால் 256 பிட் நீளத்தில் முத்திரை ஒன்று வெளியே வரும். ரகசியம் இல்லாதவரால் அந்த முத்திரையை உண்டாக்க முடியாது. முத்திரையைப் பார்த்து ரகசியத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. முதலில் தற்காலிகச் சாவியால் இன்றைய தேதிக்கு முத்திரை வைக்கிறார்கள். வந்த முத்திரையையே அடுத்த ரகசியமாக்கி, கிளவுட் வட்டாரத்தின் பெயருக்கு. அதில் வந்ததைக் கொண்டு சேவையின் பெயருக்கு. அதற்கும் மேல் ஒரு நிலையான சொல்லுக்கு. இப்படி நான்கு முறை கடைந்தெடுத்த சாவியால்தான் உண்மையான வாக்கியத்தில் முத்திரை விழுகிறது: இந்தத் தரவுத்தளத்தில், இந்தப் பயனர் பெயரில், இந்த நொடியிலிருந்து 900 விநாடிகளுக்குள் நுழைய விரும்புகிறேன். மும்பை வட்டாரத்துக்கு இன்று கடைந்த சாவி சிங்கப்பூரில் செல்லாது. மும்பையிலேயே நாளைக்குச் செல்லாது. மூல ரகசியமோ எந்தக் கம்பி வழியாகவும் தரவுத்தளத்துக்குப் பயணம் செய்யவே இல்லை.

டோக்கனைத் தரவுத்தளத்திடம் கொடுப்பது எப்படி? சிரிக்காதீர்கள், கடவுச்சொல் கேட்கும் அதே பெட்டியில்தான். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் 1990-களில் வளர்ந்தவை. பெயர், கடவுச்சொல் என்று அவை உரையாடும் முறையைத் திடீரென்று மாற்றிவிட முடியாது. நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட டோக்கனை அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே திணிக்கிறார்கள். தரவுத்தளம் அதைத் தானே ஆராயாமல், அடையாளங்களை நிர்வகிக்கும் ஐ.ஏ.எம். என்ற சேவையிடம் ஒப்படைத்து, முத்திரை சரியா, இவருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்கிறது. அந்தப் பயனருக்கென்று தரவுத்தளத்தில் திருடுவதற்கு ஒரு கடவுச்சொல்லும் கிடையாது.

இத்தனையும் தனியார் நெட்வொர்க்கின் சுவர்களுக்குள் நடக்கிறது. 10 என்று தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகளும், இன்னும் இரண்டு தொகுப்புகளும் 1990-களிலேயே உள் உபயோகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டவை. பொது இணையம் அவற்றுக்கு வழி காட்டாது. தரவுத்தளத்துக்கு இப்படியொரு முகவரி மட்டும் கொடுத்துவிட்டால் வெளியிலிருந்து யாராலும் அதன் கதவைத் தட்டக்கூட முடியாது. அப்படியானால் உள்ளே இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். உள்ளே இருப்பவனை ஏமாற்றலாமே!

2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் அதுதான் நடந்தது. வங்கியின் வாசலில் நின்ற தடுப்பு மென்பொருள் சரியாக அமைக்கப்படவில்லை. வெளியிலிருந்து ஒருவர் அதனிடம், "எனக்காக 169.254.169.254-இல் கொஞ்சம் கேட்டுச் சொல்" என்றார். அது கேட்டது. கேட்டது உள்ளிருந்த சர்வர்தானே என்று தற்காலிகச் சாவி வந்தது. வந்த சாவியை அது அப்படியே வெளியே நீட்டியது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் அந்தச் சாவியோடு வெளியேறின. வீட்டுப் பிள்ளையைத் தூது அனுப்பியே வீட்டைக் கொள்ளையடித்த கதை.

அதே ஆண்டு நவம்பரில் அமேசான் கேள்வி கேட்கும் முறையை இறுக்கியது. புதிய முறையில் நேராகக் கேட்கக் கூடாது; முதலில் வேறொரு வகைக் கோரிக்கை அனுப்பி ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஏமாந்து தூது போகும் மென்பொருள்களால் பெரும்பாலும் அந்த வகைக் கோரிக்கையை அனுப்ப முடியாது. சீட்டைச் சுமந்து வரும் பொட்டலத்துக்கோ வழக்கமாக ஒரே ஒரு தாவல்தான் ஆயுள். கேட்ட சர்வரைத் தாண்டி இன்னொரு கணினிக்குப் போக முயன்றால் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

டோக்கனின் ஆயுள் 900 விநாடி என்று வாக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். இந்தத் தலைவலி பழையது. ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் எழுதிய கட்டுரையை அடியொற்றி எம்.ஐ.டி.யில் உருவான கெர்பரோஸ் சீட்டு முறையிலேயே, கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கதவு திறக்காது என்பது வழக்கம். இணையமே எட்டாத நெட்வொர்க்கில் சர்வர் நேரத்தை எங்கே கேட்கும்? அதற்கும் பக்கத்திலேயே ஒரு முகவரி உண்டு: 169.254.169.123. மணி சொல்வதுதான் அதன் வேலை.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. தரவுத்தளத்தை முதலில் உருவாக்கும்போது தலைமைப் பயனர் ஒருவர் கடவுச்சொல்லோடுதான் பிறக்கிறார். அதை எங்காவது பூட்டி வைத்தாக வேண்டும். அதைவிடப் பலர் கவனிக்காதது இன்னொன்று. டோக்கனைப் பரிசோதிப்பது வாசலில் மட்டும்தான். ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்த இணைப்பு, டோக்கன் 9.15-க்குச் செத்த பிறகும் நாள் முழுக்கத் தொடரலாம். பத்து மணிக்கு அந்த சர்வரின் அனுமதியையே ரத்துசெய்தாலும் புதிதாகக் கதவைத் தட்டினால்தான் மறுப்பு. உள்ளே இருப்பதை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை. வேகத்துக்காக இணைப்புகளை மூடாமல் திறந்தே வைத்திருப்பதுதான் நிரலாளர்களின் வழக்கமும். அதனால் ஒரு சர்வர் களவுபோனது தெரிந்தால், அனுமதியை நீக்கிய கையோடு நிர்வாகி தரவுத்தளத்துக்குள் போய், அந்தப் பெயரில் திறந்திருக்கும் இணைப்புகளைத் தேடி ஒவ்வொன்றாகத் துண்டிக்க வேண்டும்.